டேப்லெட் எது வாங்கலாம், எத்தனை ஆண்டு பாதுகாப்பாக ஓடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு முடிந்த பிறகு காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் பெற்றோர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் டேப்லெட்டைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்த பதிலைத் தொகுத்திருக்கிறேன். எந்தக் கடையோடும் எந்த நிறுவனத்தோடும் எனக்கு வியாபாரத் தொடர்பு இல்லை.

போனே இவ்வளவு பெரிசா இருக்கே சார், எதுக்குத் தனியா ஒரு டேப்?

வாட்ஸ்அப்பும் யூடியூபும் மட்டுமே பயன்பாடு என்றால் டேப்லெட் தேவையில்லை. பாடப்புத்தகத்தின் பக்கத்தைப் பெரிதாக்காமல் படிக்க வேண்டும், நேரலை வகுப்பைப் பார்த்துக்கொண்டே குறிப்பெடுக்க வேண்டும், கண் மங்கிய பெரியவர் நாளிதழ் வாசிக்க வேண்டும் என்ற தேவைகளுக்குத்தான் பத்து அல்லது பதினோரு அங்குலத் திரை உதவுகிறது. எட்டு அங்குலத் திரை கைக்கு அடக்கமாக இருந்தாலும், பாடப்புத்தகப் பக்கத்துக்கு அது போதாது.

பத்து பன்னிரண்டாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்.

மாடல் பெயரைச் சொல்லிவிட்டால் அது ஆறு மாதத்தில் பழையதாகிவிடும் என்பதால், எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ரேம் குறைந்தது 4 ஜிபி இருக்க வேண்டும். 6 ஜிபி கிடைத்தால் நல்லது. சேமிப்பிடம் 64 ஜிபிக்குக் குறையக் கூடாது. படம் பார்ப்பதும் முக்கியம் என்றால் வைட்வைன் எல்1 சான்று உண்டா என்று விசாரியுங்கள், ஏனென்றால் அது இல்லாத கருவியில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் தெளிவு குறைந்த படத்தையே காட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கருவிக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்பதுதான். விலையை அந்த மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய் டேப்லெட்டுக்கு இன்னும் இரண்டு ஆண்டுதான் அப்டேட் என்றால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஆகிறது. 30,000 ரூபாய் டேப்லெட்டுக்கு ஆறு ஆண்டு வருமென்றால் ஆண்டுக்கு 5,000 ரூபாய்தான். மலிவாகத் தெரிவது உண்மையில் மலிவுதானா என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

அப்டேட், அப்டேட்னு சொல்றீங்களே, அது வந்தா என்ன, வரலேன்னா என்ன?

அப்டேட் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஆண்ட்ராய்டு 14 இருந்த கருவிக்கு 15 வருவது பதிப்பு உயர்வு. மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது பாதுகாப்புத் திருத்தம். முன்னது வீட்டுக்கு மாடி எடுப்பதைப் போன்றது, பின்னது உடைந்த கூரை ஓட்டை மழைக்கு முன் மாற்றுவதைப் போன்றது. மாடி இல்லாமல் காலம் தள்ளலாம். ஓடு உடைந்த வீட்டில் அப்படி இருக்க முடியாது.

ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலை 2015 முதல் கூகுள் மாதந்தோறும் வெளியிட்டு வருகிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அந்தப் பட்டியலின் மூலம் திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. திருத்தம் பெற்ற கருவிக்கு அதனால் கேடில்லை, பெறாத கருவியோ திறந்தே கிடக்கிறது. 2025 மார்ச் மாதத்தோடு ஆண்ட்ராய்டு 12க்குத் திருத்தம் தருவதைக் கூகுள் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் ஆண்ட்ராய்டு 8, 9 கருவிகளில் ஏறுவதில்லை. பழைய டேப்லெட்டில் வங்கிச் செயலி திடீரென்று திறக்க மறுப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு கேட்டா கடைக்காரருக்கே தெரியலையே?

பெட்டியில் அச்சிடப்படாத விவரம் என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் பெயரோடு தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். 2024 ஆம் ஆண்டின் பின்பகுதியில் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு ஆண்டு என்றும், அதற்கு முந்தைய எஸ்9 வரிசைக்கு ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் என்றும் அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. குறைந்த விலை மாடல்களில் சில நிறுவனங்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சொல்லப்படாத வாக்குறுதியைக் கிடையாத வாக்குறுதி என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டப்படி, சிம் போடக்கூடிய டேப்லெட் உள்ளிட்ட பல கருவிகளுக்கு, பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எந்தத் தேதி வரை தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டே ஆக வேண்டும். ஆகவே நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் அங்கும் விற்கப்படுகிறதென்றால், அந்த நிறுவனத்தின் பிரிட்டன் இணையதளத்தில் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் ஒரு நல்ல மதிப்பீடு கைக்கு வந்துவிடும்.

ஆண்டுக் கணக்கு, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது; நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. நான்கு ஆண்டு வாக்குறுதியுள்ள மாடலைத் தீபாவளித் தள்ளுபடியில் மூன்றாம் ஆண்டு முடியும்போது வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது ஓராண்டுதான். தள்ளுபடி ஏன் அவ்வளவு பெரியதாக இருந்தது என்பதும் அப்போது விளங்கும்.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கருவியையே எடுத்துப் பாருங்கள். செட்டிங்ஸின் அடிப்பகுதியில் அபவுட் டேப்லெட் என்று இருக்கும். அதற்குள் ஆண்ட்ராய்டு வெர்ஷன் அல்லது சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்பதைத் தொட்டால் செக்யூரிட்டி பேட்ச் என்ற பெயருக்குக் கீழே ஒரு தேதி தெரியும். காட்சிக் கருவியை யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள் என்பதால், இரண்டு மூன்று மாதப் பழைய தேதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையின் வைஃபையில் இணைத்து அப்டேட் தேடச் சொன்ன பிறகும் அது ஓராண்டுக்கு முந்தைய தேதியிலேயே நின்றால், அந்த மாடலை நிறுவனம் கைவிட்டுவிட்டது என்று பொருள்.

ஐபேட் வாங்கினா இந்தத் தொல்லையே இல்லைன்னு பையன் சொல்றான். உண்மையா?

அப்டேட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. 2014 இல் வந்த ஐபேட் ஏர் 2, 2021 இல் வந்த ஐபேட்ஓஎஸ் (ஐபேடின் இயங்குதளம்) 15 வரை பெற்றது. 2019 இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட் 2024 இல் வந்த 18 ஆம் பதிப்பைப் பெற்று, அதற்கு அடுத்ததாக 2025 இல் வந்த 26 ஆம் பதிப்பில் விடுபட்டது. அனைத்துக் கருவிகளுக்கும் ஆப்பிளே ஒரே நாளில் நேரடியாக அப்டேட் அனுப்புகிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் தரும் திருத்தத்தைத் தயாரிப்பாளர் தன் கருவிக்கு ஏற்றபடி மாற்றித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது, தாமதமும் அங்கேதான் நேர்கிறது.

அந்தரங்கத்திலும் ஒரு சாதகம் உண்டு. 2021 ஏப்ரலில் வந்த 14.5 பதிப்பிலிருந்து, ஒரு செயலி உங்களை மற்ற செயலிகளிலும் இணையதளங்களிலும் பின்தொடர விரும்பினால் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். ஆனால் ஒரே ஐபேடைக் குடும்பமே பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நாலாயிரத்துக்குக் குழந்தைங்க டேப்னு கலர் கலரா ஆன்லைன்ல வருதே, சின்னப் பிள்ளைக்கு அது போதாதா?

தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் உறுதியாக வேண்டாம் என்று சொல்வது இந்த ஒன்றைத்தான். பெயர் தெரியாத மலிவுக் கருவிகள் சிலவற்றில் தீங்கு நிரல்கள் தொழிற்சாலையிலிருந்தே ஏற்றப்பட்டு வருகின்றன. பேட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வாளர்கள் 2023 இல் அம்பலப்படுத்திய மோசடியில் டிவி பெட்டிகளோடு டேப்லெட்டும் இருந்தது. அதன் அடுத்த கட்டத்தைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. குழந்தைகளுக்கென்றே விற்கப்பட்ட ஒரு டேப்லெட்டில் தீங்கு நிரலின் தடயங்கள் இருந்ததை 2023 நவம்பரில் ஈஎஃப்எஃப் என்ற இணைய உரிமை அமைப்பு வெளியிட்டது.

எந்த ஆண்ட்ராய்டு கருவியானாலும் பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்ஸில் அபவுட் பகுதிக்குப் போனால் கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று பெற்றதா இல்லையா என்று காட்டும். சான்று இல்லையென்று வந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். பிள்ளைக்குக் கொடுக்க நல்ல நிறுவனத்தின் சாதாரண டேப்லெட்டும் ஒரு தடித்த ரப்பர் உறையும் போதும்.

அப்டேட் போட்டா மெஷின் ஸ்லோ ஆயிடும்னு எங்க மாமா போடவே மாட்டேங்கிறாரு.

மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தத்தால் கருவி மந்தமாவதில்லை. பெரிய பதிப்பு உயர்வு வந்த பிறகு ஓரிரு நாள், செயலிகள் பின்னணியில் தங்களைச் சரிசெய்துகொள்ளும்போது கொஞ்சம் சூடும் மந்தமும் இருக்கும், பிறகு அடங்கிவிடும். ரேம் 3 ஜிபிக்குக் கீழே உள்ள பழைய கருவியிலோ, சேமிப்பிடம் விளிம்புவரை நிறைந்த கருவியிலோ உங்கள் மாமா சொல்வது நடக்கக்கூடியதுதான். வாட்ஸ்அப் குழுக்களில் குவிந்த காலை வணக்கப் படங்களையும் காணொளிகளையும் நீக்கி, மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்த பிறகு அப்டேட் போடச் சொல்லுங்கள்.

நம்ம ஊர் வெயில்ல பேட்டரி தாங்குமா?

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஐபேடைப் பயன்படுத்தும்போது சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். ஆகவே கோடையில் மதிய நேரத்தில் சார்ஜ் போடுவதையும் அப்டேட் ஏற்றுவதையும் தவிர்த்து, இரவிலோ விடியற்காலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையின் கீழும், நிறுத்திய காருக்குள்ளும் வைக்கவே கூடாது.

சிம் போடுற மாடல் வாங்கணுமா, வைஃபை போதுமா?

வீட்டில் இணைப்பு இருந்து, டேப்லெட் வீட்டைவிட்டு வெளியே போகாது என்றால் வைஃபை மாடலே போதும். வெளியே போனாலும் போனின் ஹாட்ஸ்பாட் உதவும். ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலைப் பக்கம் போனால் சிக்னல் கிடைப்பதே அரிது. அங்குள்ள மாணவர்கள் சிம் மாடலை நம்புவதைவிட, கீழே வரும்போது பாடங்களையும் அப்டேட்டையும் இறக்கிக்கொண்டு போவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

சிம் மாடலுக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. அதற்கு ஐஎம்இஐ என்ற தனி அடையாள எண் இருப்பதால், தொலைந்துபோனால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக எந்த சிம்மும் அதில் வேலை செய்யாதபடி முடக்கலாம். அந்த எண் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

காட்பாடி ஸ்டேஷன் ஃப்ரீ வைஃபைல அப்டேட் இறக்கினா யாராவது வைரஸ் கலந்துடுவாங்களா?

கலக்க முடியாது. நிறுவனத்தின் மின்கையொப்பம் சரியாக இருந்தால்தான் கருவி அப்டேட்டை ஏற்கும், ஓர் எழுத்து மாறினாலும் நிராகரித்துவிடும். இலவச நேரம் முடிந்து இறக்கம் பாதியில் நிற்பதுதான் அங்கே நடக்கக்கூடிய தொல்லை.

நாம பேசறதைக் கேட்டுத்தான் விளம்பரம் போடுதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

ஒட்டுக்கேட்டு விளம்பரம் போடுவதற்கு உறுதியான சான்று இல்லை. நீங்கள் தேடியவை, பார்த்த காணொளிகள், போன இடங்கள், ஒரே வீட்டு வைஃபையில் இருப்பவர்களின் தேடல்கள் ஆகியவையே அவர்களுக்குத் தாராளமாகப் போதும். லாங் பஜாரில் ஒரு கடைக்குள் கால் மணி நேரம் நின்றதை இருப்பிட அனுமதி சொல்லிவிடும்போது பேச்சைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

ஆண்ட்ராய்டு 12 முதல், மைக்கோ கேமராவோ இயங்கும்போது திரையின் மேல் மூலையில் ஒரு பச்சை அடையாளம் ஒளிரும். பிரைவசி டேஷ்போர்டு என்ற பக்கத்தில் கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எப்போது இருப்பிடத்தையும் மைக்கையும் கேமராவையும் தொட்டது என்று நிமிடக் கணக்கோடு பட்டியல் இருக்கும். வகுப்பில் அதைத் திறந்து காட்டும்போது, டார்ச் செயலியோ ராசிபலன் செயலியோ இருப்பிடத்தைத் தொட்டிருப்பதைப் பார்த்துப் பலர் அங்கேயே அதை நீக்கிவிடுகிறார்கள். விளம்பர அடையாள எண்ணையும் கூகுள் செட்டிங்ஸின் ஆட்ஸ் பகுதியில் அடியோடு அழித்துவிடலாம்.

எந்த ஆப் கேட்டாலும் அலோவ் கொடுத்தாத்தானே வேலை செய்யுது?

செயலியின் வேலைக்கும் அது கேட்கும் அனுமதிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வரைபடச் செயலி இருப்பிடம் கேட்பது நியாயம், அதற்கும் பயன்படுத்தும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். படம் வரையும் செயலி தொடர்பு எண்களைக் கேட்டால் மறுத்துவிடுங்கள், மறுத்த பிறகும் பெரும்பாலானவை ஒழுங்காகவே வேலை செய்யும். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. அவற்றைக் கேட்கும் கடன் செயலியை அந்த ஒரு காரணத்துக்காகவே நீக்கிவிடலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அக்சஸிபிலிட்டி என்ற அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக வந்த அந்த வசதி, திரையில் தெரியும் அனைத்தையும் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் வல்லது. திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்புகள்) திறந்தால் இத்தகைய அனுமதிகளைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஒரே டேப்பை வீட்ல நாலு பேர் வச்சிக்கறோம். என் மெசேஜை பிள்ளைங்க பார்க்காம இருக்க முடியுமா?

முடியும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் செட்டிங்ஸில் யூசர்ஸ் என்ற பகுதி உண்டு. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிப் பூட்டும் வைத்தால் செயலிகளும் படங்களும் கலக்காது. ஐபேடில் பள்ளி அல்லது நிறுவன நிர்வாகத்தின் கீழ் உள்ள கருவிகளைத் தவிர, வீட்டுப் பயன்பாட்டுக்கு இந்த வசதி இல்லை. மேலே சொன்ன சிக்கல் இதுதான். குடும்பம் முழுவதும் ஒரே கருவியைப் பகிரும் வீட்டுக்கு ஆண்ட்ராய்டையே நான் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம்.

பிள்ளைகளின் கணக்கைக் கூகுள் ஃபேமிலி லிங்க் வழியாகத் தொடங்கினால், நேர வரம்பும் செயலி ஒப்புதலும் உங்கள் போனிலேயே இருக்கும். 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன என்றாலும் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. எனவே பிள்ளையின் பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் தொடங்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள், உண்மையான வயதுக்குத்தான் பாதுகாப்பு கிடைக்கும்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஆதார் எல்லாம் டேப்லதான் இருக்கு. லாட்ஜ்ல கேட்டா வாட்ஸ்அப்ல அனுப்பிடறோம். தப்பா?

சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து காந்தி ரோடு பக்கத்தில் வாரக்கணக்கில் தங்குபவர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள். ஆதாருக்குக் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட பதிப்பை, ஆதாரை வழங்கும் யூஐடிஏஐ ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் முதலில் அதைக் கொடுத்துப் பாருங்கள். அனுப்பிய பிறகு அந்தப் படம் உங்கள் கேலரியிலும், தானியங்கிச் சேமிப்பு இயங்கினால் கூகுள் போட்டோஸிலும் தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மருத்துவ அறிக்கைகளுக்குப் பூட்டுள்ள தனிக் கோப்புறை வைத்துக்கொள்வது நல்லது. சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர் பல மாடல்களில் இருக்கிறது, கூகுளின் ஃபைல்ஸ் செயலியிலும் பூட்டுக் கோப்புறை உண்டு. பாட்டுக் கேட்கிறேன் என்று பக்கத்து அறைக்காரர் டேப்லெட்டை வாங்கினால், அவரிடம் விருந்தினர் கணக்கைத் திறந்து கொடுங்கள்.

ஸ்கூல்ல கொடுத்த டேப்ல என் சொந்த ஜிமெயிலைப் போடலாமா?

வேண்டாம். அலுவலகமும் பள்ளியும் கொடுக்கும் கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள் பெரும்பாலும் இருக்கும். எந்தச் செயலி இருக்கிறது என்று பார்க்கவும், தேவைப்பட்டால் முழுவதையும் அழிக்கவும் நிர்வாகியால் முடியும். அது அவர்களுடைய உரிமைக்குட்பட்ட வேலைதான் என்பதால், உங்கள் குடும்பப் படங்களையும் வங்கிக் கணக்கையும் அதற்குள் கொண்டுபோக வேண்டியதில்லை.

பழைய டேப் வாங்கலாமா? என் பழசை விற்கும்போது எல்லாம் அழிஞ்சிடுமா?

வாங்கும்போது, கடைக்காரருக்கே தெரியவில்லை என்ற கேள்விக்கான பதிலில் சொன்ன பேட்ச் தேதியை முதலில் பாருங்கள். பிறகு விற்பவரே உங்கள் முன்னால் தன் கணக்கை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, புதிதாகத் தொடங்கும் திரை வரை காட்டச் சொல்லுங்கள். பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டோ, ஆக்டிவேஷன் லாக் என்ற ஆப்பிளின் பூட்டைக் காட்டியோ நின்றால், விலை எவ்வளவு குறைவானாலும் பணம் கொடுக்காதீர்கள்.

விற்கும்போது இதே வரிசையை நீங்கள் கடைப்பிடிக்க வேண்டும். அண்மைக் காலக் கருவிகளில் தரவு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. ரீசெட் செய்யும்போது அதன் திறவுகோல் அழிந்துவிடுவதால், மிச்சம் இருப்பதை யாராலும் படிக்க முடியாது. மெமரி கார்டு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் நின்னுபோன டேப் ஒண்ணு நல்லாத்தான் ஓடுது. தூக்கிப் போடணுமா?

தேவையில்லை, அதன் வேலையை மாற்றினால் போதும். வங்கிச் செயலி, யுபிஐ, முதன்மை ஜிமெயில் ஆகியவற்றை நீக்கி ரீசெட் செய்து, வேறொரு புதிய கணக்கோடு தொடங்குங்கள். இறக்கி வைத்த புத்தகங்களைப் படிக்கவும், பாட்டுக் கேட்கவும், சமையலறையில் சமையல் குறிப்புப் பார்க்கவும் அது இன்னும் பல ஆண்டு உதவும். லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றிப் புதிய ஆண்ட்ராய்டு பெறலாம் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் எல்லா மாடலுக்கும் அது கிடைக்காது, அதை ஏற்றுவதற்காக நிறுவனத்தின் மென்பொருள் பூட்டைத் திறந்த கருவியில் பல வங்கிச் செயலிகள் ஓடாது, ஏற்றுவதிலும் அனுபவம் வேண்டும்.

திரை நடுவில் மேடு தட்டினாலோ பின்மூடி பிளந்துகொண்டு நின்றாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அதன் பிறகு ஒருமுறைகூடச் சார்ஜ் போடாமல், அழுத்தாமல், நிறுவனத்தின் சேவை மையத்திலோ அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு இடத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.